சௌந்தரம் அக்கா கேட்ட பாலம்

போன கார்த்திகையில் நான் காரைக்காலில் மகள் வீட்டில் இருந்தேன். விடாத மழை. சமையலை முடித்துவிட்டுச் சாமி விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் நனைந்த குடையோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "அண்ணி போயிட்டாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வாய்க்கால்ல மார்மட்டுக்குத் தண்ணி ஓடுது" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இவை இரண்டும் வேறு வேறு செய்திகளாகத் தோன்றும். விழிதியூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு அது ஒரே செய்தி. எங்கள் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் அந்த வாய்க்கால் ஓடுகிறது. அதன் மேல் பாலம் கிடையாது. வெயில் காலத்தில் செத்தவர்கள் புண்ணியவான்கள். ஐப்பசி கார்த்திகையில் செத்தால் பாடையைத் தூக்குகிறவர்கள் தண்ணீரில் இறங்கித்தான் அக்கரை போக வேண்டும்.

சௌந்தரம் அக்கா என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே அடுப்படியில் அவரோடு புழங்கியவள் நான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர்கள், "நீதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவ, அவங்களப் பத்தி நாலு வரி எழுது" என்றார்கள். பள்ளிக்கூடம் போகாமல், பொட்டலம் கட்டி வந்த காகிதங்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். வீட்டுக் கணக்கைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. தெரிந்தவரையில் எழுதுகிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் காலமானார். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். வாய்க்காலில் இறங்கியபோது முன்னால் தூக்கியவரின் கால் சேற்றில் வழுக்கிப் பாடை சரிந்துவிட்டது. அதை யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. சில நாள் கழித்துத் துக்கம் கேட்க வந்த ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. "முகம் நனைஞ்சிதா?" என்று மட்டும் கேட்டார். வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அக்காவுக்கு இருந்த ஒரே விருப்பம் அந்தப் பாலம். "என்னை அப்படித் தூக்கிட்டுப் போவக் கூடாது கமலா" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அடுத்து வந்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். சுமங்கலிகள் வரிசையாக நின்று ஆரத்தி எடுத்தோம். அக்கா அதில் சேர முடியாது. என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். நான் தட்டைச் சுற்றி முடித்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஐயா, பாலம் கட்டித் தரேன்னு மைக்குல சொன்னீங்க. அதையே மாரியம்மன் சன்னதியில ஒரு கற்பூரம் ஏத்திச் சொல்லிட்டுப் போயிடுங்க." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவரால் மறுக்க முடியவில்லை. கோயிலுக்கு வந்து கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்துபோயிற்று. அம்மன் முன்னால் சொன்னதை யார் மீறுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டு ஓட்டு எல்லாம் அவருக்கே விழுந்தது. அவர் ஜெயித்தார்.

ஜெயித்துக் கொஞ்ச நாளிலேயே புதுச்சேரியில் அவர் கட்சியின் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. அதற்கான காரணங்களைப் பத்திரிகைகள் பலவிதமாக எழுதின. எங்கள் தெரு ஒரே காரணத்தைத்தான் சொன்னது. பொய்ச் சத்தியம் செய்தான், அம்மன் கேட்டுவிட்டாள். எதிர் வீட்டு மாமி கைகொட்டிச் சொன்னார்: "சௌந்தரம் ஏத்துன கற்பூரம், ஒரு சர்க்காரையே சாச்சுப்புட்டுது." எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டோம். ஆட்சியோடு எங்கள் பாலமும் போய்விட்டது என்பதே எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

பேச்சு ஊர் ஊராகப் பரவிவிட்டது. அடுத்த தேர்தலில் எங்கள் தெருவுக்குள் ஒரு வேட்பாளரும் நுழையவில்லை. ஜீப்புகள் மெயின் ரோட்டிலேயே நின்று மைக்கில் கத்திவிட்டுப் போயின. மற்ற தெருக்களுக்குக் குழாய் வரும், விளக்கு வரும் என்றெல்லாம் சொன்னார்கள். எங்களிடம் பொய் சொல்லக்கூட ஆள் வரவில்லை. என் கணவர் சாப்பிட உட்கார்ந்தபடி அக்காவைச் சீண்டினார்.

"அண்ணி, ஒங்க கற்பூரத்துக்குப் பயந்து ஒரு பய எறங்கமாட்டேங்குறான். தெருவே ஒங்களத் திட்டுது."

"திட்டட்டும் தம்பி. பொய்யி சொல்ல எடமில்லன்னு போறவன இழுத்துப் புடிச்சா கொண்டாருவாங்க? ரசம் ஊத்தவா?"

அப்படிச் சொன்னாரே தவிர, அன்று முழுக்க அவர் முகம் சரியாக இல்லை. சாயங்காலம் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டுத் திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "நாம செஞ்சது தப்பு கமலா. நமக்கு ஒரு பாலம் வேணும்னா நாமதான் பாத்து ஓட்டுப் போடணும். அம்மன எதுக்கு சாட்சிக்குக் கூப்புடணும்? அவளுக்கு ஓட்டா இருக்கு?" நான் நாள் தவறாமல் பூஜை செய்கிறவள். அந்தப் பேச்சு முதலில் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தபோது சரியாகப்பட்டது. அதற்குப் பிறகு நான் அம்மனிடம் நல்ல புத்தியைக் கேட்டேனே தவிர, யார் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டதில்லை.

அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடப் போனோம். வரிசையில் நிற்கும்போது, "யாருக்கு அக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன். "தெரியல. உள்ள போனாத்தான் தெரியும்" என்றார். வெளியே வந்தபோது வெயிலில் களைத்துப்போயிருந்தார். மரத்தடியில் உட்கார்ந்து விரல் மையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நம்பிப் போடல கமலா. நாளைக்குப் போயிக் கேக்கணும்ல, அதுக்காவப் போட்டேன்."

கேட்கவும் செய்தார். பஸ் ஏறிக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போவார். சில சமயம் நானும் கூடப் போவேன். பெஞ்சில் உட்கார வைப்பார்கள். பெரிய அதிகாரி இல்லை என்பார்கள். இருந்தால், புதுச்சேரிக்கு எழுதியிருக்கிறோம் என்பார்கள். புதுச்சேரி எங்களுக்குப் பக்கத்து ஊரா, போய்க் கேட்க? தமிழ்நாட்டைத் தாண்டி ஒரு பகல் பயணம். திரும்பி வந்து செருப்பைக் கழற்றியதும், "காபி போடு கமலா" என்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். பிறகு பிறகு, "இந்த மாசம் விட்ருவோம், முட்டி வலிக்குது" என்று சொல்லும் நாட்களும் வந்தன. சலித்துப்போவதில் தப்பொன்றும் இல்லை என்று எனக்கு அவரைப் பார்த்துத்தான் தெரிந்தது. சலிப்போடு வீட்டில் படுத்திருப்பார். அடுத்த மாதம் மறுபடி பஸ் ஏறுவார்.

எண்பதுகள் பிறந்த சமயத்தில் வந்த தேர்தலில் கற்பூரப் பயம் கொஞ்சம் தெளிந்து வேட்பாளர்கள் மறுபடி தெருவுக்குள் வந்தார்கள். இந்த முறை அக்கா கோயில் பக்கமே கையைக் காட்டவில்லை. "ஆரத்தி இங்க வேணாம். வாய்க்காலாண்ட எடுப்போம். அங்க வாங்க" என்றார். இதற்குக் காரணம் இருந்தது. தேர்தல் வரும் மாதங்களில் மழை ஓய்ந்திருக்கும். வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர் சலசலவென்று ஓடும். பார்க்கிறவர்கள், இதற்கா பாலம் என்று கேட்பார்கள். கரையில் ஒரு புங்கமரம் இருக்கிறது. மழைக்கால வெள்ளம் நின்ற உயரத்துக்கு அதன் அடிமரத்தில் சேற்றுக்கறை படிந்திருக்கும். வந்தவரை அந்த மரத்தோடு ஒட்டி நிற்கச் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் எண்ணம்.

பெரிய கட்சிக்காரர் செருப்பில் சேறாகும் என்று பாதி வழியில் நின்றுவிட்டார். அங்கிருந்தே, "பாலம் என் பொறுப்பும்மா, எழுதி வச்சுக்குங்க" என்றார். இன்னொருவர் வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்கே வந்து நின்றார். கறை அவர் மார்புக்கு இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார்.

"பாலம் என்னால ஆவாதுங்கம்மா" என்றார்.

கூட வந்தவர்கள் அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறை. "அண்ணே, பாத்துச் செய்வோம்னு சொல்லுங்க" என்று ஒருவன் காதைக் கடித்தான். அவர் கேட்கவில்லை. "அது புதுச்சேரியில ஆவுற காரியம். நான் ஜெயிச்சாலும் தனி ஆளு. ரெண்டு கரையிலயும் வழுக்காம எறங்க கருங்கல்லுல படி போடச் சொல்லி நடையா நடப்பேன். அதுவும் கெடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

அக்கா என் தோளைத் தொட்டார். "கமலா, ஆரத்தி எடு" என்றார்.

வீட்டில் பெரிய வாக்குவாதம். என் கணவருக்கு வீட்டு ஓட்டெல்லாம் ஒரே இடத்தில் விழ வேண்டும், அதுவும் ஜெயிக்கிற இடத்தில் விழ வேண்டும். "அந்தாளு தேறமாட்டான் அண்ணி. ஓட்டு வீணாப் போயிடும்" என்றார். "யாரு ஜெயிப்பான்னு ஜோசியம் சொல்றதுக்கா தம்பி ஓட்டு?" என்றார் அக்கா. நான் யார் பக்கம் என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் பாலம்தான் வேண்டியிருந்தது. பாலம் தருவேன் என்றவரை விட்டுவிட்டு முடியாது என்றவருக்கு எப்படிப் போடுவது என்று கேட்டேன். அக்கா சிரித்தார். "நீ உப்பு புளிக்குக் கணக்கு எழுதுறவ. கைக்கு வராத காச வரவுல எழுதுவியாடி?" எங்கள் இரண்டு ஓட்டும் முடியாது என்றவருக்கே போயின. அவர் தோற்றார். பாலம் என் பொறுப்பு என்றவர் ஜெயித்தார். ஒரு நாள் இரண்டு பேர் நாடாவோடு வந்து வாய்க்காலை அளந்து போனார்கள். பாலமும் வரவில்லை, படியும் வரவில்லை.

போன கார்த்திகையில் அக்காவின் முறை வந்தது. அன்று நாங்கள் காரைக்காலிலிருந்து போய்ச் சேர்ந்தபோது, தண்ணீர் வடியட்டும் என்று பாடை காத்திருந்தது. பொழுது சாயும்வரை வடியவில்லை. அப்போது தெரு ஆண்கள் ஒரு யோசனை செய்தார்கள். நடந்தால்தானே வழுக்கும் என்று, வாய்க்காலின் குறுக்கே இரண்டு வரிசையாக இறங்கி நின்றுகொண்டார்கள். ஒருவரும் ஓர் அடி எடுத்து வைக்காமல், பாடையைத் தலைக்கு மேலே கை மாற்றிக் கை மாற்றி அக்கரை சேர்த்தார்கள். போன தேர்தலிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு கட்சிக்காரர்களும் தோளோடு தோள் உரச நின்றார்களாம். என் கணவர் திரும்பி வந்து ஈர வேட்டியோடு என்னிடம் சொன்னார்: "முகம் நனையல." அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பதினாறாம் நாள் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். எங்கள் தெரு ஒற்றுமையைப் புகழ்ந்தார்கள். "இப்படி நின்னா போதும்போல, பாலம் எதுக்கு?" என்று ஒருவர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். தண்ணீரில் நின்ற ஒவ்வொருவருக்கும் நான் கை கூப்புகிறேன். ஆனால் அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அக்கா யாரையும் கார்த்திகைக் குளிரில் தண்ணீரில் நிற்கச் சொல்லவில்லை. அவர் கேட்டது பாலம். கேட்டது கிடைக்காமலேயே போய்ச் சேர்ந்தார். அதை ஒற்றுமை என்ற நல்ல வார்த்தையால் மூடிவிட வேண்டாம் என்று அவரைத் தெரிந்த உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மறுபடி தேர்தல் வருகிறது என்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் ஓட்டு நாளன்று காலையில் குளித்து விளக்கேற்றிவிட்டுப் போவேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். அம்மனைக் கூப்பிடாமல், ஜோசியம் பார்க்காமல், தன்னால் எது முடியாது என்று சொல்கிற ஆளைத் தேட வேண்டும். அப்படி ஒருவரும் வரவில்லையென்றால், வந்தவர்களில் யார் குறைவாக வாக்குக் கொடுத்தாரோ அவருக்குப் போடுவேன். மறுநாளே போய்ப் பாலத்தைக் கேட்பேன்.