காலிப் பை

மெர்லிந்தா மக்பானுவா மணிலாவில் எங்கள் சந்தில் மூன்றாம் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை வந்து போவார். அவள் ஒரு மேம்பால ரயில் நிலையத்தில் பதினோரு வருடமாகக் காவலாளி. படியேறி வருகிறவர்கள் பையைத் திறந்து காட்ட வேண்டும். அவள் ஒரு முழ நீள மரக்குச்சியால் உள்ளே கிளறிப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். காலை ஐந்தரையிலிருந்து மதியம் இரண்டு வரை நின்றபடியே இந்த வேலைதான்.

மனிதர்கள் எப்படியெல்லாம் எரிச்சல் தருவார்கள் என்று அவள் சொல்லிக் கேட்க வேண்டும். சிலர் ஜிப்பை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க மாட்டார்கள். சிலர் திறந்தபடியே போனில் யாரையோ திட்டுவார்கள். திட்டு தனக்கா போனுக்கா என்று அவளுக்குத் தெரியாது. ஈரக் குடையை அவள் பூட்ஸ் மேலேயே உதறுவார்கள். சாப்பாட்டு டப்பாவிலிருந்து கருவாட்டு எண்ணெய் குச்சியில் ஒட்டினால் அதற்கும் அவளைத்தான் முறைப்பார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. தானும் பைகளைப் பார்ப்பதில்லை என்று ஒருமுறை என்னிடம் ஒப்புக்கொண்டாள். குச்சி போய்த் திரும்பும், அவ்வளவுதான்.

போன ஜூனில், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், ஒரு பெண் வர ஆரம்பித்தாள். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சாம்பல் சட்டை, தோளில் பெரிய பழுப்பு நிறத் தோல் பை. ஏழேகால் மணி நெரிசலில் பின்னால் நூறு பேர் முட்டிக்கொண்டு நிற்க, அவள் ஜிப்பை முழுக்கத் திறந்து, இரண்டு கைகளாலும் பையின் வாயை அகட்டிப் பிடித்தாள். உள்ளே கைக்குட்டைகூட இல்லை. மெர்லிந்தா குச்சியை விட்டு எடுத்தாள். அந்தப் பெண் நகரவில்லை.

"பாருங்க" என்றாள்.

மெர்லிந்தா குனிந்து பார்த்தாள். அதன் பிறகுதான் அந்தப் பெண் பையை மூடிக்கொண்டு போனாள்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். நாலாம் நாள், பை இல்லாதவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது, காலிப் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அதில் போகலாமே என்று மெர்லிந்தா கொஞ்சம் கடுமையாகவே சொன்னாள். பின்னாலிருந்து ஒருவன், "ரயிலு போயிடும்க்கா, உள்ள என்ன புதையலா தேடுறீங்க?" என்றான். அப்போதும் மெர்லிந்தா குனிந்து பார்க்கும் வரை அந்தப் பெண் நின்றாள்.

குனியும்போதெல்லாம் கூட்டத்தின் இரைச்சல் எங்கோ விலகிப் போகும். பைக்குள்ளிருந்து ஒரு வெதுவெதுப்பு முகத்தில் படும், யாரோ அப்போதுதான் எழுந்து போன நாற்காலியில் உட்கார்ந்தது போல. ஏழு மணி ஆனாலே மெர்லிந்தா படிப்பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

தன் விடுப்பு நாட்களில் அந்தப் பெண் வருகிறாளா என்று பக்கத்து வரிசைக் காவலாளி கார்டோவிடம் கேட்டாள்.

"நான் மூஞ்சியப் பாத்தே ரெண்டு வருசமாச்சு, மெர்லிந்தா. காலிப் பை ஒண்ணு வரும், ஆமா. குச்சிய விட்டு எடுத்துட்டு அனுப்பிடுவேன்."

"எத்தன மணிக்கு வரும்?"

"எத்தன மணியா? அது வந்துக்கிட்டேதான் இருக்கும்."

வேலை முடிந்ததும் அவள் கேமரா அறைக்குப் போய், தான் விடுப்பில் இருந்த ஒரு நாளின் படத்தைப் போடச் சொன்னாள். ஏழேகாலுக்கு அந்தப் பெண் கார்டோவின் வரிசையில் பையை அகட்டிப் பிடித்து நிற்கிறாள். குச்சி போய்த் திரும்புகிறது. டிக்கெட் எடுக்காமல் எதிர்ப் படி வழியாக இறங்குகிறாள், மழையில் சாலையைச் சுற்றி வந்து மறுபடி வரிசையில் நிற்கிறாள். மறுபடி குச்சி. மறுபடி படி. மாலை ஆறு மணிக்குள் முப்பத்தொரு தடவை. ஒருவரும் குனியவில்லை. மெர்லிந்தா வேலையில் இருந்த நாட்களின் படங்களில் அந்தப் பெண் நாளுக்கு ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தாள்.

மறுநாள் காலை, தன் வரிசையைக் கார்டோவிடம் விட்டுவிட்டு மெர்லிந்தா அந்தப் பெண்ணைத் தூண் ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"என்ன மேடம் இருக்கு இதுல?"

"உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணுமில்லயே."

"வீட்ல தொறந்தா உள்ள இருக்கு" என்றாள் அந்தப் பெண். "நீங்க பாத்துட்டா அன்னிக்குப் பூரா இருக்காது."

என்ன இருக்கும் என்று மெர்லிந்தா கேட்டாள். அந்தப் பெண் பை வந்த கதையை மட்டும் சொன்னாள். மே மாதம் ஜீப்னி வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவள் மடியில் வைத்திருக்கிறார். நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. அவளும் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கே விட்டுவிட்டு வந்தாலும் வீட்டுக்குள் நுழையும்போது தோளில் இருக்கிறதாம்.

"யாராச்சும் கேட்டு வாங்கினாத்தான் போகும்போல" என்றாள்.

மெர்லிந்தாவுக்கு விட்டுவிட்டு வரிசைக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியதாம். ஆனால் அந்த முப்பத்தொரு சுற்றும் நனைந்த சாம்பல் சட்டையும் கண்முன் வந்தன.

"குடுங்க" என்றாள்.

காலிப் பைக்கு அவ்வளவு கனம் இருக்காது. தவறவிட்ட பொருட்கள் அறைக்கு நேராகக் கொண்டுபோய், திறந்து, குனிந்து பார்த்து, தாளில் 'உள்ளே ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அறைப் பொறுப்பாளர் அர்செனியோ அதை மேல் அலமாரியில் வைத்தார். அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் தோளில் ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள், கையில் சின்னப் பர்ஸோடு. ஜிப்பை இரண்டு விரல் அகலம் திறந்தாள். "சீக்கிரம் விடுங்க, எனக்கு லேட்டாவுது" என்று சிடுசிடுத்துவிட்டு, மெர்லிந்தாவை ஏறிட்டும் பார்க்காமல் ரயிலுக்கு ஓடினாள். மெர்லிந்தாவுக்குக் கோபம் வந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

அன்று மதியம் அர்செனியோ போன் செய்தார்.

"நீ ஒண்ணுமில்லன்னுதான எழுதியிருக்க? ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போம்மா."

போனாள். அவர் அறைக்கு வெளியே, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் உள்ளே போய்ப் பைக்குள் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை என்றாள். அவர் அதன் பிறகே உள்ளே போய் உட்கார்ந்தார். என்ன பார்த்தார் என்று அவள் கேட்கவில்லை.

கேட்பாரற்ற பொருளை மூன்று மாதம் கழித்து அழித்துவிடலாம் என்பது விதி. அதற்கு அறைப் பொறுப்பாளர் கடைசியாக ஒருமுறை உள்ளே பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கெடு தாண்டி எத்தனையோ வாரமாயிற்று. அர்செனியோ இன்னும் போடவில்லை. மெர்லிந்தா தினமும் இரண்டு மணிக்கு அங்கே போய்ப் பைக்குள் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புகிறாள். விடுமுறை நாளிலும் ஜீப்னி பிடித்துப் போகிறாள். வழியில் யார் என்ன நீட்டினாலும் கையை மடியிலிருந்து எடுப்பதில்லை.