வாடைக் காற்றுக்கு ஒரு சின்னப் பாய்

1984, தை மாதம். பொழுது விடிகிற நேரத்தில் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டியில் ஏறினேன். தோளில் ஒரு பாய்ச்சுருள். படுக்கிற பாய் இல்லை. கடலில் காற்றைப் பிடிக்கிற பாய். ஆளுயரத்துக்கு மேல் இருந்ததால் நடத்துனர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாங்க இது, கல்யாணப் பந்தலா?"

"இல்லீங்க. துணி."

அதற்கு மேல் சொன்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும் என்று நிறுத்திக்கொண்டேன். எனக்கு எட்டு ரூபாய், துணிக்கு இரண்டு ரூபாய் என்று சீட்டுக் கிழித்தார். கூரைமேல் போட எனக்கு மனம் வரவில்லை. கடைசி சீட்டில் உட்கார்ந்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டேன்.

நான் வேங்கிக்கால் போகிற சாலையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாற்பத்தாறு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. என்னிடம் கடல் பாய் வந்ததற்குக் காரணம் மார்ட்டின் என்கிற ஜெர்மனிக்காரர். கிரிவலப் பாதையில் வாடகைக்கு வீடு எடுத்து வருஷத்தில் பாதி நாள் இருப்பார். டீக்கடையில் கற்றுக்கொண்ட தமிழ் பேசுவார். மார்கழி, தையில் புதுச்சேரிப் பக்கம் போய்விடுவார். அங்கே ஒரு நீளப் பலகைமேல் நின்று, அதில் நட்ட கம்பத்துப் பாயைக் கையால் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடுவார். அது அவர்கள் நாட்டு விளையாட்டாம்.

முந்தின மாதம் பெரிய அலை ஒன்று பாய்மேல் விழுந்து, அது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கிழிந்துவிட்டது. பகலெல்லாம் பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்தவரை, செங்கேணி என்ற மீனவர் கட்டுமரத்தில் போய் இழுத்து வந்திருக்கிறார். "அடுத்த தடவ எங்க குப்பத்துலேந்து எறங்கக் கூடாது" என்று சொல்லியும் விட்டார். மார்ட்டின் கெஞ்சியதில், புதுப் பாயோடு வந்தால் ஒருநாள் பார்க்கலாம் என்று செங்கேணி இறங்கி வந்தார். அந்த ஒருநாள்தான் இது.

முதலில் என் புத்திக்கு எட்டியபடி லாரிக் கித்தானில் ஒன்று தைத்தேன். கெட்டியாக இருந்தால் கிழியாது என்று எண்ணம். மார்ட்டின் அதை ஏரியில் நனைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, எருமை மாதிரி இருக்கு" என்றார். பிறகு கிழிந்த சீமைப் பாயையே வெட்டிச் சின்னதாக்கினோம். இளகிப்போன வெளி ஓரத்தை எடுத்துவிட்டோம். அலையில் தட்டாதபடி அடிப்பக்கத்தையும் உயர்த்தி வெட்டினோம். அலை பெரிதாக உள்ள இடத்தில் காற்றும் ஜாஸ்தி. அங்கே சின்னப் பாய்தான் கைக்கு அடங்கும் என்று மார்ட்டின் சொன்னார்.

பதினெட்டு கிலோமீட்டரில் கீழ்பென்னாத்தூர். வேர்க்கடலை மூட்டையோடு ஏறிய பெரியவர் ஒருவர் என் மடியைப் பார்த்தார்.

"பொணம் மாதிரி சுத்தி வச்சினுகீறியேப்பா. கொஞ்சம் அந்தாண்ட நகத்து."

நகர்த்தினேன். செஞ்சி தாண்டும்வரை மூட்டையை என் சுருள்மேல் சாய்த்துக்கொண்டே தூங்கினார். எழுப்பக் கூச்சம். மூட்டையின் சாக்குநார் துணியை உரசாமல் நடுவில் என் கையை வைத்துக்கொண்டேன். திண்டிவனத்தில் கை மரத்துப்போயிருந்தது.

பத்து மணிக்குப் புதுச்சேரி. மார்ட்டின் காத்திருந்தார். டவுன் பஸ்ஸில் வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போய், காலாப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் இறங்கினோம். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல். பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அது இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் சொல்லவில்லை. வாடைக் காற்று மணலை வாரிக் காலில் அடித்தது. அலைகள் கரைக்கு வெகுதூரம் முன்பே எழுந்து உடைந்துகொண்டிருந்தன. இவர் இதற்குள்ளா போகப்போகிறார் என்று மார்ட்டினைத் திரும்பிப் பார்த்தேன்.

செங்கேணி கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"இவருதான் தெச்சவரா? லாரிக்குத் தெக்கிறவராமே. இன்னா மேஸ்திரி, கடல்ல ஆரன் அடிக்க முடியுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சுருளைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

பாயின் உறைக்குள் கம்பத்தை நுழைத்தோம். பாய் விறைப்பாக நிற்க மெல்லிய பத்தைகளைக் குறுக்கே சொருகினோம். கையால் பிடிக்கிற வளைகம்பைத் தோள் உயரத்தில் கட்டினோம். அப்புறம் இரண்டே கயிறு. ஒன்று பாயைக் கம்பத்தின் அடிக்கு இழுக்கும். மற்றது பின்மூலையை வளைகம்பின் நுனிக்கு இழுக்கும். மார்ட்டின் பலகையைப் பார்க்கப் போனார். கயிறுகளை நான் கட்டினேன். லாரியில் முதலில் குறுக்கே இழுப்போம், பிறகுதான் நீளவாட்டம். கை அப்படியே போனது. பின்மூலையை முழங்கால் கொடுத்து இழுத்தேன். அதற்கு மேல் அடிக்கயிற்றை இழுக்க இடம் இல்லை. தட்டினால் மத்தளம்போல் இருந்தது. மார்ட்டினும் கயிற்றைக் கவனிக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல டைட்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இரண்டாவது அலையிலேயே திரும்பிவிட்டார். பின்மூலையில் தையல் நாலு விரல் அகலத்துக்கு விட்டிருந்தது.

"இன்னா மேஸ்திரி, கரைலயே வாயப் பொளந்துக்குது?" என்றார் செங்கேணி.

மார்ட்டினிடம் இன்னொரு பாய் இருந்தது. பெரியது, மெல்லியது, அமைதியான நாளுக்கானது. அதை எடுக்கப் போனார். செங்கேணி எழுந்துவிட்டார்.

"அத்த எடுத்துனு போனா, ஒங்களக் காப்பாத்த நான் கட்டுமரத்தத் தள்ள மாட்டேன். சொல்லிட்டேன். போன தபா ஒங்களுக்காக வலையக் கூட வுட்டுட்டு வந்தேன்."

நான் பெரிய பாயைத் தடவினேன். வெயிலில் காய்ந்து மடிப்பெல்லாம் வெளுத்திருந்தது. ஆனால் மூலைத்துணி மட்டும் நல்ல கெட்டி. எனக்குத் துண்டு வேண்டியிருந்தது. வெட்டின துண்டுகளைக் கடையிலேயே விட்டு வந்திருந்தேன்.

"சார், இதுல மூல வெட்டிக்கிறேன்" என்றேன்.

"வெட்டினா இது போச்சு."

"போவட்டும் சார். இந்த அலைக்கு இது வேணாம். சின்னத நான் நிக்க வைக்கிறேன்."

அத்தனை பேர் நடுவில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. மார்ட்டின் கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

வெட்டிய துணியை, ஒன்றைவிட ஒன்று பெரிதாக மூன்று துண்டாக்கி, பின்மூலையில் அடுக்கிக் கையால் தைத்தேன். நைலான் நூல், தையல் வளைந்து வளைந்து போகிற மாதிரி. தைக்கும்போதுதான் கவனித்தேன்: பின்மூலையிலிருந்து கம்பம்வரை துணியில் ஒரு சாய்ந்த மடிப்பு ஓடியிருந்தது. இழுப்பெல்லாம் ஒரே மூலையில் போய் நின்றிருக்கிறது.

"சார், நீங்க எந்தக் கயிறு மொதல்ல இழுப்பீங்க?"

"கீழ மொதல்ல. பின்னால அப்புறம், கொஞ்சம்." என் முகத்தைப் பார்த்தார். "நீங்க எப்படி?"

கையால் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இது லாரி இல்ல மேஸ்திரி!"

இந்த முறை அடிக்கயிறுதான் முதலில். செங்கேணியும் வந்து பலகைக்குக் கால் கொடுத்து இழுத்தார். கம்பமே லேசாக வளைந்தது. உறை ஓரத்துச் சுருக்கமெல்லாம் மறைந்தபின், பின்கயிற்றைத் துணி சமமாகிற அளவுக்கு மட்டும் இழுத்துக் கட்டினேன். மத்தளம்போல் இல்லை. நடுவில் கொஞ்சம் தொப்பை இருந்தது. பார்க்க எனக்குத் திருப்தி இல்லை. ஆனாலும் அப்படியே விட்டேன்.

மூன்று மணிக்கு மார்ட்டின் இறங்கினார். உடைகிற அலைகளுக்கு நடுவே புகுந்து வெளியே போனார். திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு அலை எழுந்து அப்படியே அவர்மேல் கவிழ்ந்தது. ஆளும் இல்லை, பாயும் இல்லை. நுரைதான் இருந்தது. செங்கேணி கட்டுமரத்தைத் தள்ள அதன்மேல் கைவைத்தார். நானும் கைவைத்தேன். எனக்கு நீச்சல் தெரியாது என்று அப்போது தோன்றவில்லை.

நுரைக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. பிறகு பாய் மெதுவாக எழுந்தது. அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. மார்ட்டின் அதைப் பிடித்து நின்றார். காற்று பிடித்ததும் பாய் ஒரே இழுப்பில் அவரைக் கொண்டுபோனது.

"ஓடுதுடோய்!" என்று கத்தினார் செங்கேணி.

அதற்கப்புறமும் இரண்டு தடவை விழுந்தார். கரைக்கு வந்ததும் நான் முதலில் மூலையைத்தான் தடவினேன். ஒரு நூல் விடவில்லை. வளைகம்பு உரசுகிற இடத்தில் மட்டும் துணி பிசிறியிருந்தது. அங்கே தோல் வைத்துத் தைக்க வேண்டும்.

"சரி, இனிமேலும் எங்க குப்பத்துலேந்தே எறங்கட்டும்" என்றார் செங்கேணி. "ஆனா மேஸ்திரி, கயிறு கட்டறத அவுரே பாத்துக்கட்டும். நீங்க கிட்ட வராதீங்க."

ஆறு மணிக்கு ஊருக்குத் திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உப்புத் தண்ணீரில் நனைந்த வேட்டி காய்ந்து மொடமொடவென்றிருந்தது. எங்கள் ஊரில் நான் தைத்துக் கொடுக்கிற தார்ப்பாய் லாரியேறிப் பெங்களூருக்கும் மதராசுக்கும் போகும். கிழிந்த பிறகுதான் என்னிடம் திரும்பி வரும். கிழிந்த இடத்தைத் தைத்துக் கொடுப்பேன். அது எப்படிக் கட்டப்பட்டது, எந்தக் காற்றில் கிழிந்தது என்று இருபத்தைந்து வருஷத்தில் ஒரு டிரைவரையும் கேட்டதில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்குமே என்கிற கூச்சம்தான். நாளைக் காலை அரிசி லாரிக்காரர் ஒருவர் கிழிசலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரை உட்காரவைத்து, கயிற்றை எங்கிருந்து கட்டுவார் என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுக்கப்போகிறேன்.