பத்திரமாக இருக்கும் புத்தகங்கள்

டாக்டர் ஊசி போடுவார், நர்ஸ் எடை பார்ப்பார், நான் மாடு மாதிரி கத்துவேன். நியூயார்க் பக்கம் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் இதுதான் என் உத்தியோகம்.

கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கிளினிக்கில் ஆறு மாதக் குழந்தை முதல் ஐந்து வயதுக் குழந்தை வரை, செக்கப்புக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு புதுப் புத்தகம் உண்டு. நூலகத்துக்காரர்களும் சுற்றுவட்டார அபார்ட்மென்ட் குடும்பங்களும் சேர்த்துத் தருகிற புத்தகங்கள். காத்திருக்கும் அறையில் குழந்தையை மடியில் வைத்து அதைப் படித்துக் காட்டுவதும், எப்படிப் படிப்பது என்று பெற்றோருக்குச் சொல்லித் தருவதும் என் வேலை, சம்பளம் கிடையாது. இருபத்தைந்து வருடம் சாஃப்ட்வேரில் குப்பை கொட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலை போய், 'வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்காதே' என்று மனைவி துரத்தியதில் இங்கே வந்து சேர்ந்தேன். இரண்டு மாதம் என்று வந்தவன் நான்கு வருடமாக இருக்கிறேன். ஒரே கதையைப் பதினோராவது முறையாகப் படிக்கும்போது கண் சொருகி, பிஞ்சு விரலால் இமை தூக்கப்பட்டு மறுபடி படித்த தாய்மார்களே, தந்தைமார்களே, இது நம் பொதுக் கஷ்டம். மேலே படியுங்கள்.

முதல் கேள்வி

சேர்ந்த முதல் வாரம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து ரமேஷ் என்பவர் மகள் தியாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தியாவுக்கு அப்போது இரண்டு வயது. மணியைத் தொலைத்துவிட்டு ஒவ்வொரு பிராணியாகப் போய் விசாரிக்கும் மாட்டின் கதையை எடுத்தேன். கோழி, வாத்து, நாய், பன்றி என்று எல்லோரையும் கேட்டு, கடைசியில் மணி தன் வாலிலேயே மாட்டிக்கொண்டிருப்பதை மாடு கண்டுபிடிக்கும். இன்று வரை என் பிழைப்பு இந்த ஒரு மாட்டை நம்பித்தான் ஓடுகிறது.

நான் தரையில் மண்டி போட்டு 'ம்மா' என்று கத்தியதில் வாசலில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. தியா கைதட்டினாள். ரமேஷ் மட்டும் என் நரைத்த மீசையையும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வேலைக்கெல்லாம் எச்-ஒன் விசா குடுக்கிறாங்களா?"

சாப்பிட்ட கதை

ரியாஸ் கீழக்கரைக்காரர். பக்கத்து ஊரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஆறு மாத மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நான் புத்தகத்தை நீட்டியதுதான் தாமதம், பிள்ளை இரண்டு கையாலும் பிடுங்கி மாட்டின் தலையை வாயில் வைத்துக்கொண்டான். ரியாஸ் பதறிப்போய்ப் பிடுங்க, பையன் வீறிட, நர்ஸ் ஓடி வர, ஒரே களேபரம்.

"விடுங்க தம்பி. இந்த வயசுல இவங்க புத்தகத்தைப் படிக்கிறதே இப்படித்தான். அதுக்குத்தான் அட்டை இவ்வளவு தடிமனா இருக்கு. அவன் சாப்பிடட்டும், நீங்க பாட்டுக்குக் கதை சொல்லிக்கிட்டே இருங்க" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. டாக்டரும் வந்து தலையாட்டிய பிறகுதான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிள்ளை எச்சில் ஒழுக மாட்டை மெல்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வாப்பா மட்டும் அப்பவே இப்படி விட்டிருந்தா, அண்ணே, நான் டிகிரி முடிச்சிருப்பேன்."

ஃபிரிட்ஜ் மேலே

இப்போது சுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபிச்செட்டிபாளையத்துப் பெண். கணவர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து நியூயார்க் போய் வருகிறவர். மகன் கவினுக்கு ஒன்றரை வயது செக்கப்புக்கு வந்திருந்தார். கவின் மீன் தொட்டி முன்னால் நின்றவன் நின்றவன்தான். கூப்பிட்டேன், கத்தினேன், குரைத்தேன். ஒரு சத்தம் இல்லை.

"முன்னாடி குடுத்த புக்ஸ் எல்லாம் படிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டேன். சுதாவின் முகம் மலர்ந்தது. ஃபோனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஃபிரிட்ஜின் மேலே சாமி படம், அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு, குங்குமப் பொட்டு வைத்து, வரிசையாக மூன்று புத்தகங்கள். சரஸ்வதி பூஜைக்கு வைத்ததாம், அப்புறம் இறக்க மனம் வரவில்லையாம். நம் வீடுகளில் புத்தகத்தில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதைப் பிள்ளை கடிக்கக் கொடுப்பதாவது! என்னால் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. நான் ஏதோ பாராட்டப் போகிறேன் என்று நினைத்து அவர் பெருமையாகச் சொன்னார்: "ஒரு கீறல் இல்லீங்கண்ணா. அப்படியே பத்திரமா வெச்சிருக்கறேனுங்க."

டிராக்கர்

ரமேஷ் திரும்ப வந்தார். தியாவுக்கு நான்கு வயது. இந்த முறை லேப்டாப்போடு வந்தார். மகளுக்குப் படித்துக் காட்டும் புத்தகங்களுக்கு எக்ஸெலில் ஒரு டிராக்கர் போட்டிருந்தார். எந்தப் புத்தகம், எந்தத் தேதி, எத்தனை நிமிடம், பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம். வாரக் கடைசியில் மகளோடு ரெவ்யூ மீட்டிங் வேறு. என்னைத் துரத்திவிட்ட உலகமே மடிக்கணினியில் ஏறித் தேடி வந்துவிட்டது.

அன்று கூட்டம் நெரிந்தது. இங்கே என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் செய்திருப்பீர்கள். அவசரம் என்றால் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவேன். கோழியிலிருந்து நேராக நாய்க்குத் தாவினேன். ரமேஷ் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் தெரியவில்லை. தியா மட்டும் என் கட்டை விரலைப் பிடித்து நிறுத்தினாள். "அங்கிள், யூ ஸ்கிப்ட் த டக். அப்பா, மேக் இட் ரெட்."

நான்கு வார்த்தை

கவினின் இரண்டு வயது செக்கப். அன்று சுதா உள்ளே போய் வெகுநேரம் கதவு திறக்கவில்லை. பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் டாக்டர் அறுபது தாண்டிய வெள்ளைக்கார அம்மாள். நெடுநெடுவென்று இருப்பார், பேச்சு சுருக்கென்று இருக்கும். கவின் இன்னும் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை, காது பரிசோதனை செய்ய வேண்டும், பேச்சுப் பயிற்சிக்கு ஆள் வந்து பார்க்க வேண்டும், இதையெல்லாம் தமிழில் சொல் என்றார். சொன்னேன். சுதா அழவில்லை. பையனின் ஷூ நாடாவையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்ல என்ன பேசுவீங்கம்மா?" என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தமிழில் பேசினால் பிள்ளை குழம்பிவிடுவான், டேகேரில் கஷ்டப்படுவான் என்று பார்க்கில் யாரோ சொல்ல, கணவரும் பயந்துபோய் இங்கிலீஷிலேயே பேசு என்று சொல்லிவிட்டார். தமிழ் மீடியத்தில் படித்த பெண். "எனக்கு வர்ற இங்கிலீஷ் கம், ஈட், ஸ்லீப், நோ. அவ்வளவுதானுங்க. மத்த நேரமெல்லாம் ரெண்டு பேரும் சும்மாவே உக்காந்திருப்போம்" என்றார். வாய் ஓயாத ஊரிலிருந்து வந்த பெண், ஒன்பதாம் எண் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், சொந்தப் பிள்ளையிடம் வாயை மூடிக்கொண்டு இரண்டு வருடம் இருந்திருக்கிறாள்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சுழல் நாற்காலியை இழுத்து சுதாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். இரண்டு மொழியால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது, பரிசோதனை நடக்கட்டும், ஆனால் நீ இன்றைக்கே பேச ஆரம்பி என்றார். "எந்த மொழியில?" என்று சுதா என்னிடம் கேட்டார். டாக்டர் யோசிக்கவே இல்லை. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் சுதா முதல் தடவையாகச் சிரித்தார். டாக்டர் சொன்னது இதுதான்: "புருஷனை எந்த மொழியில் திட்டுவாயோ, அந்த மொழியில்."

பார்க்கிங் லாட்டில்

அன்று மாலை காரை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தமிழும் வரும், இங்கிலீஷும் வரும். என் மகள் அபி சின்னவளாக இருந்தபோது நான் என்ன பேசினேன்? புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். நான் கான்ஃபரன்ஸ் காலை ம்யூட்டில் போட்டு ஒரு பக்கம் படிப்பேன். அந்தப் பக்கம் யாராவது என் பெயரைச் சொன்னால் புத்தகத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிடுவேன். கொஞ்ச நாளில் அவள் புத்தகம் கொண்டு வருவதை நிறுத்திவிட்டாள். தொல்லை விட்டது என்று அப்போது நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அபி குபெர்டினோவில் வேலை பார்க்கிறாள். ஃபோன் போட்டேன். கிளினிக்கில் ஏதோ வாலண்டியர் வேலை என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். இன்று முழுக்கச் சொன்னேன், மாடு, மணி, மண்டி போடுவது எல்லாம். "யூ? அப்பா, லைக், வித் வாய்சஸ்?" என்றாள். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "ஓகே. டூ த கௌ."

செய்தேன், காருக்குள்ளேயே 'ம்மா' என்று. பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கவின் வருகிறான்

கவினுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்தது. பயிற்சிக்கு வாரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். இரண்டரை வயது செக்கப்பில் சுதா படபடவென்று பேசினார், கவின் பேசவில்லை. "வீட்ல பேசறானுங்கண்ணா, நெசமா. பால், பந்து, அப்பா, எல்லாம் சொல்றான்" என்றார். நான் எவ்வளவு கத்தியும் அவன் மீன் தொட்டியைத்தான் பார்த்தான். டாக்டர் முகத்தில் கவலையும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. பயிற்சி தொடரட்டும் என்று எழுதினார். அடுத்த ஆறு மாதமும் காலண்டரில் அவர்கள் வரும் தேதியை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மூன்று வயது செக்கப்புக்கு சுதா வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து எதையோ எடுத்து, மறைத்து மறைத்து நீட்டினார். மாட்டுக் கதை. அட்டை செல்லோ டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பன்றிக்கு ஒரு காது இல்லை. வாத்தின் மேல் தோசை மாவு காய்ந்திருந்தது. புத்தகத்தின் முதுகில் எப்போதோ வைத்த குங்குமப் பொட்டு மட்டும் மங்கலாக மிச்சம் இருந்தது. "மன்னிச்சுக்கோங்கண்ணா. பத்திரமா வெச்சுக்க முடியலீங்க. பொழுதன்னிக்கும் இதே கதைதான், கிழிச்சுப்போட்டான்" என்றார். என் நான்கு வருட உத்தியோகத்தில் இவ்வளவு அழகான புத்தகத்தை நான் பார்த்ததில்லை. அதையே படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

கவின் மீன் தொட்டியை விட்டு மெதுவாக வந்து என் முழங்காலில் சாய்ந்து நின்றான். ஜுரக் காலம், அறை நிரம்பி வழிந்தது. ரிசப்ஷனில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம், என் கட்டை விரல் தானாக இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியது. மாடு வாத்திடமிருந்து நேராகப் பன்றியிடம் போய்விட்டது. ஒரு சின்னக் கை வந்து புத்தகத்தின் மேல் அப்படியே படுத்தது. தாளைப் பிரித்து, ஒன்றைப் பின்னால் தள்ளி, விரலால் தட்டிக் காட்டினான். சுதா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. கவின் என்னை நேராகப் பார்த்து, கோபிச்செட்டிபாளையத்து மரியாதையோடு அதட்டினான்:

"நாயை உட்டுப்போட்டீங்க!"

இருபத்தைந்து வருடம் என் தப்பைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எல்லாம் எரிந்து விழுந்த நான், யாராவது கண்டுபிடித்துத் திட்ட மாட்டார்களா என்று இப்போது தினமும் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுத்தான் படிக்கிறேன்.