காக்காவின் வான்கோழி சாண்ட்விச்

தோஹாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியைக் காக்கா கூடத்தில் வைத்துத் திறந்தபோது நானும் அவருடைய மகளும் எதிரே உட்கார்ந்திருந்தோம். அத்தர், பேரீச்சம்பழம், பால் பவுடர், கம்பளி என்று வழக்கமாக வருகிறவை மேலே இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு அடியில் கைவிட்டுத் துழாவி, துணியில் சுருட்டிய மூன்று கத்திகளையும் ஒரு நீள டப்பாவையும் எடுத்து வெளியே வைத்தார். டப்பாவுக்குள் மூங்கில் குச்சிகள். ஒவ்வொன்றின் தலையிலும் சின்ன முடிச்சு. எதற்கு என்று கேட்டேன். "எம்புள்ள நிச்சயத்துக்கு வர்றவங்களுக்கு நான்தான் சமைக்கப் போறேன்" என்றார். எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது.

எங்கள் கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்போம். என் காக்கா பதினெட்டு வருடமாக ஒரு பெரிய ஹோட்டலின் சமையல்கட்டில், விருந்துகளுக்கான சிற்றுண்டி செய்யும் பிரிவில் இருந்தார். அதைச் சொன்னால் ஊரில் யாருக்கும் புரியாது. 'சமையல் வேலை' என்றால் அவர் அரபிகளுக்குப் பிரியாணி கிண்டிப் போடுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், நானும்கூட. விடுமுறையில் வந்தால் அவரை விருந்தாளியைப் போல உட்காரவைத்துப் பரிமாறுவோம். ஒரு முறைகூட அவர் எங்களுக்குச் சமைத்ததில்லை. மகளுக்கு நான்கு வயதாகும்போது அவர் மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். அன்றிலிருந்து அந்தப் பெண் என் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளுக்குத் தலை பின்னியதும், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், மாப்பிள்ளை பார்த்து முடித்ததும் நான். என் வீட்டுக்காரர் சவூதியில் இருந்ததால் எல்லாவற்றுக்கும் நானே அலைந்தேன். இப்போது நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இவர் வந்து, என் அடுப்படியைத் தன்னிடம் விட்டுவிடச் சொன்னால் எப்படி இருக்கும்?

மாப்பிள்ளை வீட்டார் ராமநாதபுரத்திலிருந்து மாலை அசர் தொழுகை முடிந்து வருவதாக ஏற்பாடு. வந்ததும் தேநீரும் சிற்றுண்டியும், பேச்சு முடிந்ததும் விருந்துச் சமையல்காரரான பண்டாரியை வைத்துப் பிரியாணி. "சமோசாவும் தொதல் அல்வாவும் போதும் காக்கா, எல்லார் வீட்டுலயும் அதான்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. ஒரு வாய்க்குள் அடங்குகிற சின்னச் சின்ன ரொட்டி, நடுவில் வான்கோழிக் கறி, அதன்மேல் சீஸ், அதற்கும் மேலே மெல்லிசாக அரிந்து மொறுமொறுவென்று வாட்டிய பேக்கன், எல்லாம் சேர்ந்து சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று கையால் காற்றில் செய்து காட்டினார். "மந்திரிமாரு, அம்பாசிடருன்னு எத்தனை ஆயிரம் பேருக்குப் போட்டுருப்பேன். எம்புள்ளைக்குப் போடலைன்னா எப்புடி" என்றார். பேக்கன் என்றால் என்னவென்று கேட்டேன். வெள்ளைக்காரன் பன்றியில் செய்வது, முஸ்லிம் நாடுகளில் அதையே வான்கோழித் தொடைக் கறியில் செய்கிறார்கள், அதற்கு டர்க்கி பேக்கன் என்று பெயர் என்றார். அந்த விளக்கத்தை நான் அரைக் காதில்தான் வாங்கினேன். ஜமாஅத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய வேலை தலையில் நின்றது.

முதல் வம்பு ரொட்டியில் வந்தது. எங்கள் தெரு பேக்கரியில் பன் என்றால் உள்ளே செர்ரித் துண்டு போட்ட இனிப்புப் பன். காக்காவுக்கு இனிப்பில்லாமல், பன்னிரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி வர வேண்டும். அப்போதுதான் அத்தனையையும் ஒரே வீச்சில் குறுக்கே அரிந்து, கறி பரப்பி, மூடி, வேகவைத்த பிறகு தனித்தனியாக வெட்ட முடியுமாம். பேக்கரிக்காரர், "இனிப்பில்லாத பன்ன யாரு திம்பா?" என்று கேட்டுவிட்டுச் சரியென்றார். முதல் தடவை பழக்கத்தில் சர்க்கரையைப் போட்டுவிட்டார். இரண்டாம் தடவை கல்லாக வந்தது. மூன்றாம் தடவை காக்காவே போய் மாவு பிசைந்து கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு முறை வீணான பன்களை நானும் காக்கா மகளும் ஒரு வாரம் டீயில் முக்கித் தின்றோம்.

வான்கோழி கடலாடிப் பக்கத்து ஒரு கிராமத்திலிருந்து வந்தது. ஹலாலாக அறுத்து வாங்கிவந்த இரண்டு சேவல்களின் நெஞ்சையும் காக்கா விரலால் அழுத்திப் பார்த்தார். அங்கே ஐஸில் வருகிற வான்கோழிக்கு நெஞ்சு தலையணை போல இருக்குமாம். இவை கரட்டில் மேய்ந்து ஓடி வளர்ந்தவை, கத்தியே இறங்கவில்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரில் நெஞ்சுக் கறியை ஊறப்போட்டார். தொடைக் கறியைத் தனியே எடுத்து உப்பு தடவிக் கல்லை ஏற்றி வைத்தார். மூன்று நாள் என் ஃப்ரிட்ஜில் மீன் வைக்க இடமில்லை. பகலில் கரண்ட் போகும்போதெல்லாம், "ஃப்ரிட்ஜைத் தொறக்காத தங்கச்சி" என்று கத்திக்கொண்டு ஓடி வருவார். பிறகு மொட்டை மாடியில் ஒரு பழைய தகர டிரம்மை வைத்து, தேங்காய் மட்டையைக் கனியவிட்டு, தொடைக் கறியைக் கம்பியில் தொங்கவிட்டுப் புகை போட்டார். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, மாடியில் தீப் பிடித்துவிட்டதா என்று விசாரித்தாள். நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப் போகும் சேலைகள், துவைத்துக் காயப்போட்ட மூன்றும், புகை நாற்றத்தை வாங்கிக்கொண்டன.

அன்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "பதினெட்டு வருசம் இங்கன என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாது. இப்ப வந்து ஒரு பன்னுக்காக வீட்டையே தலகீழாக்குறீங்க." காக்கா கையிலிருந்த கத்தியைத் துடைத்தார். "தெரியாதுதான்" என்றார். "எனக்குத் தெரிஞ்சது இது ஒன்னுதான். அதத்தான் செய்றேன்." அதற்கு மேல் சண்டை போட முடியாமல் போனதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் சந்தோஷமாக இருந்த நேரங்களும் உண்டு. வெண்ணெயை உருக்கி, அதில் அரைத்த கடுகும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் கலந்து, ரொட்டியின் மேலே பூசக் கசகசாவைக் கேட்டார். நான் அரைக் கிலோ பொட்டலத்தை எடுத்து வைத்ததும் சிரித்தார். "அங்கன இத ஒரு சிட்டிகை வச்சிருந்தாலே போதப்பொருளுன்னு உள்ள போட்டுருவான். பதினெட்டு வருசமா எள்ளத்தான் தூவுனேன். இன்னக்கித்தான் மொறையாச் செய்றேன்." அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது, மனைவி இருந்த காலத்தில்.

ஹோட்டலில் ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் பலகாரத்தின் பெயரை எழுதி ஓர் அட்டை வைப்பார்கள் என்றும், அதைமட்டும் நான் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார். நான் ஆங்கில ஆசிரியை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். "டர்க்கி பேக்கன்னு எழுது" என்றார். எனக்கு அது பிழையாகப் பட்டது. உள்ளே இருப்பதோ இரண்டு பொருள். இடையில் ஒரு 'அண்ட்' இல்லாமல் எப்படி? பிள்ளைகளின் நோட்டில் விட்டுப்போன சொல்லைச் சேர்ப்பது போல நானே சேர்த்து, 'டர்க்கி அண்ட் பேக்கன்' என்று நான்கு அட்டைகளில் ஆங்கிலத்தில் அழகாக எழுதிப் பூவும் வரைந்தேன். அவரிடம் காட்டவில்லை. காட்டும் அளவுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

நிச்சயத்தன்று எல்லாம் சரியாகவே நடந்தது. கரண்ட் போகவில்லை. வாடகைக்கு வாங்கிய ஓவன் வேலை செய்தது. மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். காக்கா தட்டைச் சூட்டோடு எடுத்து, பளபளவென்றிருந்த பலகையை வெட்டிப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியைக் குத்தி என்னிடம் கொடுத்தார். வெண்ணெயும் புகையும் கலந்த அந்த வாசனைக்குப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தட்டுகளை மேசையில் வைத்து, முன்னால் அட்டைகளை நிறுத்தினேன். மாப்பிள்ளையின் பெரிய மாமா முதலில் எழுந்து வந்தார். சிங்கப்பூரில் பல வருடம் இருந்த, நிதானமான மனிதர். கையை நீட்டியவர் அட்டையைப் படித்துவிட்டு நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, பேக்கன்னு போட்டுருக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "பேக்கன்னா பன்றில்ல?"

அவர் தாழ்ந்த குரலில் கேட்டும் பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. ஒரு பையன் அந்தச் சொல்லைப் போனில் தட்டி, வந்த பன்றிக்கறிப் படத்தைத் தன் தாயிடம் காட்டினான். அந்தம்மா 'அஸ்தஃபிருல்லாஹ்' என்று முணுமுணுத்துக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டாள். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: 'இது வான்கோழி, எங்க காக்கா வீட்டுல செஞ்சது, நான் தப்பா எழுதிட்டேன்.' அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சம்பந்தம் இங்கேயே முறிந்துபோகும் என்கிற பயம் ஒன்றுதான் அந்த நிமிடத்தில் எனக்குள் இருந்தது. "வேற ஏதோ... எடுத்துர்றேன்" என்று சொல்லித் தட்டைத் தூக்கினேன். தூக்கியது, குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிட்டது.

அப்போதுதான் காக்கா இரண்டாவது தட்டோடு உள்ளிருந்து வந்தார். எல்லார் கையும் மடியில் இருப்பதைப் பார்த்தார். என் கையிலிருந்த தட்டையும் மேசையிலிருந்த அட்டையையும் பார்த்தார். கோபப்படவில்லை. "மச்சான், இது முழுக்க வான்கோழிக் கறி" என்று பெரிய மாமாவிடம் சொன்னார். "கடலாடிலருந்து வாங்கி, நம்ம ஆளு அறுத்து, நானே ஊறப்போட்டுப் புகை போட்டது. அல்லாஹ் சாட்சி." பெரிய மாமா நெருங்கி வந்து அவர் தோளில் கைவைத்தார். "நம்புறோம் மச்சான். ஆனா அந்தப் பேர வாசிச்சப்பறம் மனசு ஒப்ப மாட்டேங்குது. தப்பா எடுத்துக்காதீங்க." ஒருவரும் எடுக்கவில்லை. காக்கா ஒரு சாண்ட்விச்சை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் நின்றுகொண்டே மென்று விழுங்கினார். பிறகு தட்டோடு உள்ளே போய்விட்டார். நான் கடைக்கு ஆளனுப்பிச் சமோசா வாங்கி வந்தேன். பேச்சு நல்லபடியாக முடிந்தது.

கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. என் மருமகள் அந்த வீட்டில் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். காக்கா அந்த முறை ஊரோடு தங்கிவிடுவதாகவும், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிற்றுண்டிக் கடை போடுவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கல்யாணம் முடிந்த மறு வாரமே தோஹாவுக்குப் போய்விட்டார். நாலு வருடம் கழித்து முழங்கால் வலியோடு வந்து சேர்ந்தார். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். அடுப்படிப் பக்கம் வருவதில்லை. தேநீர்கூட நான் போட்டுத் தர வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டில் எது நடந்தாலும் அந்தக் கதை வந்துவிடும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, சிரிப்பதற்காகச் சொல்வதுதான். 'சம்மந்தி வீட்டுல இருந்து பேக்கன் வந்துருக்கா' என்று யாராவது தொடங்குவார்கள். காக்காவும் லேசாகச் சிரித்து வைப்பார். ஒவ்வொரு முறையும் நான் ஏதாவது வேலையைச் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். சமீபத்தில் காக்காவுடைய பேரனின் பிறந்தநாளுக்கு ராமநாதபுரம் போனபோதும் பெரிய மாமா அதையே எடுத்தார். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். அட்டையில் 'அண்ட்' போட்டு வான்கோழி வேறு, பேக்கன் வேறு என்று ஆக்கியது நான், காக்கா சொன்ன பேரில் தப்பே இல்லை, அன்று உண்மை தெரிந்தும் பயந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவள் நான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பெரிய மாமா, "அட விடும்மா, எப்பவோ நடந்தது" என்றார். காக்கா எழுந்து கை கழுவப் போனார்.

திரும்பும்போது காரில் பின்சீட்டில் நாங்கள் இருவரும்தான். திருப்புல்லாணியும் தாண்டிவிட்டது. நான் சொன்னது அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கடைசியில் நானே கேட்டேன், "கோவமா காக்கா?"

"அட்டைக்கெல்லாம் யாரு கோவப்படுறது" என்றார். "அவங்க திங்காததும் எனக்குப் பெருசில்ல. அவங்களுக்கு எங்கன தெரியும்? நீ மூணு நாளு பக்கத்துலயே நின்ன. உள்ள என்ன போட்டேன்னு ஒனக்குத் தெரியும். பேசக்கூட வேணாம் தங்கச்சி. ஒன்னே ஒன்ன எடுத்து நீ வாயில போட்ருந்தா போதும்."

அவர் சொன்னது சரி. இருபது பேர் தின்னவில்லை என்று இத்தனை வருடம் மனதில் எண்ணி வந்த கணக்கில் நான் என்னைச் சேர்க்கவேயில்லை. அன்று மாலை மீந்தவற்றைக்கூட, கண்ணில் படக் கூடாது என்று தெரு நாய்களுக்குப் போட்டுவிட்டு வந்தது நான்தான். அதன் ருசி என்னவென்று எனக்குத் தெரியாது.

"மறுபடி ஒரு தடவ செய்வமா காக்கா? நான் வான்கோழிக்குச் சொல்லிவிடுறேன்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியது.

"வீடு வந்துருச்சு, எறங்கு" என்றார்.