ஐஸ் பெட்டிக்குள் ஒரு கால்: பழவேற்காட்டுக்குத் திருக்கை தேடிப் போன கதை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போகக்கூடிய எதையும் ஐஸ் காப்பாற்றிவிடும் என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன், என்னையும் சேர்த்து. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புரதங்களின் வடிவத்தை ஆராய்வது என் பிழைப்பு. எங்கள் தொழிலில் எதைக் கையில் எடுத்தாலும் முதல் வேலை அதை ஐஸில் வைப்பதுதான். வீட்டில் கறிவேப்பிலை வாடினால்கூட எனக்குக் கை பதறும்.

புரதம் என்றால் பருப்பு என்று நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அது ஒரு நீளமான சங்கிலி. தானே மடிந்து, சுருண்டு, தனக்கென்று ஒரு வடிவத்துக்கு வரும். அந்த வடிவம் இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். சூடுபட்டால் மடிப்பு அவிழ்ந்துவிடும். அவித்த முட்டையின் வெள்ளைக் கரு அப்படி அவிழ்ந்துபோன புரதம்தான். இந்த முட்டைக் கதையைச் சொல்லிச் சொல்லியே பள்ளிக்கூட விழாக்களில் எத்தனையோ பொன்னாடை வாங்கியிருக்கிறேன்.

பயணம் எனக்காக அல்ல, நிவேதாவுக்காக. என்னிடம் ஆறாவது ஆண்டாக ஆய்வு செய்கிறவள். உதவித்தொகை நின்று ஒரு வருடம் ஆகிவிட்டது. திருக்கை மீனின் வால் முள்ளில் இருக்கும் விஷத்தில் ஒரு புரதம். அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தால் ஆய்வேடு முடியும். மீன் சந்தையில் வாங்கிய முள்ளிலெல்லாம் புரதம் பாதி அழுகியிருந்தது. முள் உயிருள்ள மீனிலிருந்து வர வேண்டும், வெட்டிய கையோடு ஐஸுக்குள் போக வேண்டும். புரதத்தின் வடிவத்தைக் காட்டும் பெரிய எக்ஸ்ரே இயந்திரம் வெளியூரில் இருக்கிறது, அதில் அவளுக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு வருவதற்குள் பல்கலைக்கழகம் கொடுத்த காலக்கெடு முடிந்துவிடும்.

காலை 5.00. சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் நிலையத்தில் புறநகர் ரயில். பொன்னேரிக்குப் பத்து ரூபாய். நிவேதாவின் மடியில் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஐஸும் ஒன்பது சின்னக் குழாய்களும். கைக்குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிர் இருக்கைக்காரர் மீன் வியாபாரமா என்று கேட்டார். ஆமாம், மொத்த வியாபாரம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அத்திப்பட்டு தாண்டுகையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் விடியலுக்கு முன்னாலேயே வானத்தை அழுக்காக்கிக்கொண்டிருந்தன.

6.10. பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு இருபது கிலோமீட்டர் இருக்கும். பஸ் வரவில்லை, ஷேர் ஆட்டோவில் தலைக்கு ஐம்பது ரூபாய். வழியெல்லாம் அறுத்த வயல், தேங்கிய நீர், மேலே சாம்பல் நிறத்தில் வானம்.

7.15. படகுத்துறையில் ராஜேந்திரன் காத்திருந்தார். ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்து மீனவர், ஐம்பது வயது இருக்கும். ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பாடு என்று அதற்குப் பெயர். முகத்துவாரத்துக்கு அருகே திருக்கை விழுகிற இடத்தில் அவருக்கும் அவருடைய இரண்டு தம்பிகளுக்கும் அன்றைக்குப் பாடு. அடுத்தது பதினைந்து நாள் கழித்துத்தான். எங்களுக்கு இந்த ஒரு நாள்தான் என்பதை நிவேதா வழியிலேயே இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

திருக்கை வலையில் வந்ததும் இவர்கள் செய்கிற முதல் வேலை வால் முள்ளை ஒடித்து எறிவது. அந்த எறிகிற பொருள்தான் எங்களுக்கு வேண்டும் என்றதும் ராஜேந்திரனுக்கு ஒரே வேடிக்கை. "இன்னா சாரே, நாங்க ஒடச்சிப் போடற முள்ளுக்கா மெட்ராஸ்லேர்ந்து பொட்டி தூக்கினு வந்துக்கிறீங்க? மீன உட்டுட்டு முள்ள துண்றவங்கள இப்பத்தான் பாக்கறேன்."

8.00 முதல் 9.30 வரை. தம்பிகள் இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையைச் சுருக்கினார்கள். ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. மூன்று திருக்கைகள் விழுந்தன. ராஜேந்திரன் முள்ளை வெட்டிக் கொடுக்க, நிவேதா அதன் பள்ளங்களில் இருந்த சவ்வைச் சுரண்டிக் குழாய்களில் போட்டு மூடி ஐஸுக்குள் புதைத்தாள். ஒன்பது குழாயும் நிறைந்தன. "போதும் சார்" என்றாள். ஆறு வருடத்தில் அவள் போதும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

9.40. எனக்கு வயது நாற்பத்தொன்பது, சர்க்கரை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்காவது ஒதுங்கியே ஆக வேண்டும். படகைவிட்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கினேன். இந்த ஏரியில் யாரும் காலைத் தூக்கி வைத்து நடப்பதில்லை. பாதத்தைச் சேற்றிலேயே தேய்த்துக்கொண்டு போவார்கள், கீழே படுத்திருக்கும் திருக்கை உரசல் பட்டு விலகிப்போகும். ராஜேந்திரன் அதைச் சொல்லவும் செய்தார்: "காலத் தூக்காத சாரே, தேச்சிக்கினு போ." கல்யாணத்தில்கூட நான் இவ்வளவு மெதுவாக நடந்ததில்லை என்று பதில் சொல்லிவிட்டு, கோயில் பிரகாரத்தில் நடப்பதுபோலக் காலைத் தூக்கி நாலு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டில் கணுக்காலில் திருக்கை முள் குத்தியது.

வலியை வர்ணிக்கப் போவதில்லை. வர்ணிக்கிற நிலையில் நான் இல்லை. "செத்தேன்" என்று கத்தினேன், பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன், பிறகு தெரிந்த சாமிகளை எல்லாம். பீரோ சாவி இருக்கும் இடத்தை மனைவிக்குச் சொல்லாமல் வந்தது ஞாபகம் வந்தது. படகில் தூக்கிப் போட்டார்கள். ராஜேந்திரன் தன் பிளாஸ்க்கைத் திறந்து, டீ சூடாக இருக்கிறது, காலில் ஊற்றுகிறேன் என்றார். நிவேதாவும், "ஆமா சார், சூடுதானே…" என்று ஆரம்பித்தாள்.

அவளை நான் முடிக்க விடவில்லை. என் மூளையில் அப்போது ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "ஐஸ்" என்று அலறியபடி பெட்டியை இழுத்து, மூடியைப் பிய்த்து எறிந்து, காலை உள்ளே விட்டேன். எழுபத்தெட்டு கிலோ கனம். தெர்மோகோல் அடி இரண்டாகப் பிளந்தது. ஐஸும் குழாய்களும் படகின் அடியில் தேங்கிக் கிடந்த எண்ணெய்த் தண்ணீரில் சிதறின.

நிவேதா மண்டியிட்டுக் குழாய்களைப் பொறுக்கினாள். ஐஸைத் துப்பட்டாவில் அள்ளினாள், இரண்டு கையளவு தேறியது. அதற்குள் குழாய்களைப் பொதியப் போனபோது நான் சொன்னேன்: "அதக் குடு. கால்ல கட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குழாய்களைத் தன் கைப்பைக்குள் போட்டுவிட்டு, ஐஸை என் காலில் வைத்துத் துப்பட்டாவால் கட்டினாள். பசியாவரம் வரும்வரை கையை எடுக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வலி ஏறிக்கொண்டே போனது. இந்தச் சின்னப் படகுகளில் ஐஸ் வைப்பதில்லை. தம்பிகளை வலையோடு விட்டுவிட்டு ராஜேந்திரன் படகை ஓட்டினார். கால் மணிக்குள் ஐஸ் முழுக்கக் கரைந்தது.

10.30. பசியாவரம். ராஜேந்திரனின் குடிசையில் அவர் மனைவி சரசு, கட்டை அவிழ்த்துப் பார்த்து நடந்ததைக் கேட்டுக்கொண்டார். என்னிடம் பேசவில்லை, கணவரிடம்தான் பேசினார். "படிச்சவருன்னு சொன்னியே. ஐஸு மீனுக்குத்தான வெப்பாங்க. இவருக்குத் தெரியாதா?" பிறகு என் பக்கம் திரும்பி, "கால இதுல வைங்க சாரு, கத்தாதீங்க, பசங்க பயப்படும்" என்று ஓர் அலுமினியக் குண்டானைத் தள்ளினார். பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீர்.

அரை மணியில் வலி பாதியானது. ஒரு மணியில் பேச்சு வந்தது. திருக்கை விஷமும் புரதம்தான், சூட்டில் அவிழ்ந்துவிடும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். நான் வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். அவிழ்க்க வேண்டியதை ஐஸ் வைத்துக் காப்பாற்றினேன். காப்பாற்ற வேண்டியதை வெயிலில் விட்டேன். இதை ஒரு நகைச்சுவையாகச் சொல்லிப் பார்த்தேன். சரசு மட்டும் லேசாகச் சிரித்தார். நிவேதா வாசலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் என் தங்கையாக இருந்திருந்தால் ஏதாவது திட்டியிருப்பாள், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

12.40. பழவேற்காட்டு மீன் ஏலக்கூடத்தில்தான் ஐஸ் கிடைத்தது. குழாய்கள் வெளியே வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இன்னொரு முறை வலை கட்ட முடியாதா என்று ராஜேந்திரனிடம் கேட்டேன். "மதியானத்தோட எங்க பாடு முடிஞ்சிடுச்சி சாரே. இப்ப வேற ஆளுங்க எடம். நான் எறங்குனா ஊர்ல நிக்கவெச்சிக் கேப்பாங்க" என்றார். சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக் காலில் கட்டும் போட்டார்கள். ஓடிப்போய் ரயிலைப் பிடிக்க முடியாது என்பதால் வாடகைக் காரில், இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்க்கு, வீடு திரும்பினோம். வழியில் அவள் பேசியது ஒரே வாக்கியம்: "கால் எப்படி சார் இருக்கு?"

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் அந்தக் குடிசைக்கும் நாற்பது மைல்கூட இருக்காது. இங்கே ஒவ்வோர் அறையிலும் குளிர்பெட்டி இருக்கிறது. அதை எப்போது திறக்கக்கூடாது என்று அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

மறுநாள் ஒன்பது குழாய்களையும் சோதித்தோம். எதிலும் மடிந்த நிலையில் புரதம் இல்லை. துண்டு துண்டாகச் சிதைந்திருந்தது. இயந்திரத்தில் எங்களுக்கு ஒதுக்கிய இரண்டு நாளையும் வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். காலநீட்டிப்பு கேட்டு நிவேதா எழுதிய கடிதத்தில், படகில் அலை மோதி மாதிரிகள் இருந்த பெட்டி உடைந்துவிட்டது என்று இருந்தது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே எழுதியது. என் முன்னால் வைத்தாள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. நிவேதா இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளின் தரத்தைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். ஆய்வேடு முடியவில்லை.

அன்று ஏரியில் அலை இல்லை. பெட்டியை உடைத்தது நான்.