இரண்டாவது எஞ்சின்

அண்ணன் இறந்து ஐந்து மாதம் ஆனபோது அப்பா விமானம் வாங்குவது என்று முடிவு செய்தார். இரண்டு எஞ்சின் வைத்த சின்ன விமானம். ஒற்றை எஞ்சின் விமானத்தைப் பற்றி அவர் முன்னால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

பள்ளிபாளையத்தில் எங்களுக்கு விசைத்தறிப் பட்டறை இருந்தது. நூலும் துணியும் ஏற்ற மூன்று லாரிகள் ஓடின. அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது. அப்பா நாலாவது வரைதான் படித்தவர். நான் சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் தங்கிப் படித்தவள். வீட்டுக்கு ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

அண்ணன் வெளியூரில் ஒரு கிளப்பில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகக் கிளம்பியவன், ஒரு பருத்திக்காட்டில் ஒற்றை எஞ்சின் விமானத்தோடு விழுந்தான். எல்லாம் முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வந்த பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெண்ணந்தூர் அத்தை, "கல்லாட்ட இருக்குது புள்ளை" என்று என் காதுபடவே சொன்னாள். அவளுக்கு அழுகை தாராளமாக வந்தது. இலை போட்டதும் நின்றும் போனது. எனக்கு உடம்பு முழுக்க மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். சாப்பிட்டேன், தூங்கினேன், தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் மாதம் விசாரணை அறிக்கை தபாலில் வந்தது. இரண்டே பக்கம். அப்பா நின்றுகொண்டே, "என்ன போட்டிருக்குது?" என்றார். நான் முதலில் மனதுக்குள் படித்தேன். பறக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது என்று ஒரு வரி. அடுத்த வரியில், எஞ்சினில் பழுது எதுவும் இல்லை, இடது டேங்கில் பெட்ரோல் தீர்ந்திருந்தது, வலது டேங்க் நிறைந்திருந்தது, டேங்க் மாற்றும் பிடியை ஓட்டியவர் திருப்பவில்லை என்று இருந்தது.

"எஞ்சின் நின்னு போச்சுங்கப்பா" என்று சொல்லிக் காகிதத்தை மடித்தேன்.

சொன்னதில் பொய் இல்லை. அடுத்த வரியைத்தான் சொல்லவில்லை. தன் பையன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோவு சொல்லுவான் என்று லாரி டிரைவர்களிடம் பெருமை அடித்தவர் அப்பா. அந்தப் பையன் ஒரு பிடியைத் திருப்ப மறந்து செத்தான் என்பதை அவர் எப்படித் தாங்குவார்? அப்படித்தான் நினைத்தேன். அதைவிட, வாயை மூடிக்கொள்வது எனக்கு அப்போது சுலபமாக இருந்தது.

அப்பா தறிகளின் பக்கம் திரும்பினார். பிறகு, "இன்னொன்னு இருந்திருந்தா ஊடு வந்து சேர்ந்திருப்பான்" என்றார்.

மறுநாளே விமானம் விற்கிறவர்களுக்கு என்னைக் கடிதம் எழுதச் சொன்னார். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால் இறக்குமதிக்கு அனுமதி கிடைக்காது, வாடகைக்கும் விடுவதாகக் காட்ட வேண்டும் என்று சென்னையில் யாரோ சொன்னார்களாம். ஆகவே வாடகைக்குக் காரணங்கள் தேடினோம். நூல் வியாபாரிகள் அவசரமாகப் பம்பாய் போகலாம். நோயாளிகளை வேலூருக்குக் கொண்டு போகலாம். திருச்செங்கோட்டு லாரிக்காரர் ஒருவர், தேர் மேல் பூத் தூவ வருஷத்துக்கு ஒருநாள் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதையும் நான் ஆங்கிலத்தில் எழுதினேன். வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பதில்கள் வந்தன. வழவழப்பான படப் புத்தகங்களும் வந்தன. இங்கிலாந்தில் செய்த ஒரு பழைய விமானம் விலைக்குக் கிடைக்கும் என்றார்கள். எட்டுப் பேர் உட்காரலாம். ஆனால் மரச்சட்டம் போட்டுத் துணி போர்த்தியது. அப்பாவின் மூளை உடனே துணிக்குப் போய்விட்டது. எத்தனாம் நம்பர் நூல், ஊடும் பாவும் எத்தனை இழை என்று கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். அவர்கள் பொறுப்பாகப் பதிலும் போட்டிருந்தார்கள். அதைக் கேட்டுவிட்டு அப்பா, "துணி நல்ல துணிதான். நம்ம வெயிலுக்கு ரெண்டு வருசம் தாங்காது" என்று ஒதுக்கினார்.

இன்னொன்று அமெரிக்காவில் செய்தது. முழுக்கத் தகடு. ஐந்து பேர்தான் உட்காரலாம். எத்தனை வேகம், எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், உதிரிச் சாமான் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் நான்தான் கேட்டு எழுதினேன். அப்பாவுக்கு ஒரே கேள்விதான்: ஒன்று நின்றால் மற்றது இழுக்குமா? இழுக்கும், மேலேயும் ஏறும் என்று புத்தகத்தில் கட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில், பதினைந்து டிகிரி குளிரில் இது சரி என்றிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் குளிரை எந்த மாதத்திலும் நாங்கள் கண்டதில்லை. இந்தப் பொடி எழுத்தை நான் அப்பாவுக்கு ஒழுங்காகப் படித்துக் காட்டினேன். வெயிலில், ஐந்து பேரோடு, ஒற்றை எஞ்சினில் அது மெதுவாக இறங்கிக்கொண்டேதான் வரும் என்று புரிய வைத்தேன். "மெதுவா எறங்குனாப் போதும்" என்றார் அப்பா.

இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. எழுதிய ஒவ்வொரு கடிதமும் நான் விட்ட அந்த ஒரு வரியின் மேல்தான் நின்றது. இரண்டு எஞ்சின் இல்லை, நாலு எஞ்சின் இருந்தாலும் அண்ணன் வந்திருக்க மாட்டான் என்று வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். அறிக்கையை என் டிரங்குப் பெட்டியில் பாவாடைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். எனக்குக் குற்ற உணர்ச்சிகூட வரவில்லை. அதைத்தான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

அந்த அமெரிக்க விமானத்தைக் கோவைக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். அப்பாவும் நானும் காரில் போனோம். ஓட்டியவர் வடக்கத்திக்காரர், விமானப்படையில் இருந்தவர். ஆங்கிலத்தில் பேசினார், நான் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னேன். அப்பா அவர் பக்கத்திலும் நான் பின்னாலும் உட்கார்ந்தோம். மேலே போனதும் சொல்லி வைத்தபடி ஓட்டியவர் ஒரு எஞ்சினை நிறுத்தினார். அந்தப் பக்கத்து விசிறி சுற்றுவது நின்று, அதன் ஒரு தகடு மேலே நோக்கி அசையாமல் நின்றது. விமானம் போய்க்கொண்டே இருந்தது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்த ஒரு வருஷத்தில் அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

கீழே இறங்கி எல்லாம் அணைந்த பிறகு, அப்பா இருக்கைகளுக்கு நடுவில் தரையோரமாக இருந்த ஒரு பிடியைக் காட்டினார். பறக்கும்போது இதை என்னமோ திருப்பினாரே, எதற்கு என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ஒரு டேங்கில் பெட்ரோல் குறைந்தால் மற்ற டேங்குக்கு மாற்ற, மறந்தால் எத்தனை எஞ்சின் இருந்தாலும் நின்றுவிடும் என்றார் அவர். இதையும் நான் சுருக்கியிருக்கலாம், விட்டுவிட்டிருக்கலாம். ஏனோ அன்றைக்கு ஒரு சொல் விடாமல் சொன்னேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அப்பா பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் ஓட்டுனதுலயும் இது இருக்குமா?"

ஓட்டியவரிடம் கேட்டேன். இருக்கும் என்று தலையாட்டினார்.

"அந்தக் காயிதத்துல இதான் இருந்துச்சா, சாமி?"

"ஆமாங்கப்பா."

"இன்னொரு டேங்க்ல?"

"நெறைய இருந்துச்சுங்க."

அப்பா குனிந்து பிடியில் கை வைத்தார். ஒரு பக்கம் திருப்பினார். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார். "லேசாத்தானே திரும்புது" என்றார்.

வருகிற வழியெல்லாம் அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை. ஈரோடு தாண்டி ஆற்றுப் பாலத்தில் கார் ஏறியபோது, அப்பவே சொல்லியிருக்க வேண்டும் என்று நானாகச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வீட்டில் அம்மா சோறு போட்டாள். விமானத்தைப் பற்றி அதுவரை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"ஏனுங்க, எதுன்னு முடிவாச்சுங்களா?"

"ஒன்னும் வேண்டாம். நம்ம வெயிலுக்கு ஆகாது."

அம்மா குழம்புக் கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றாள். "அவன்ற விமானமும் வெயிலுக்குத்தான் அப்படி ஆச்சுங்களா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

"எஞ்சின் நின்னு போச்சு" என்றார்.

நான் சொன்ன அதே சொல். நான் நிறுத்திய அதே இடத்தில் அவரும் நிறுத்திக்கொண்டார். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இலையில் கை வைத்தபடியே அழுதேன், நிறுத்த முடியவில்லை. அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு வருசம் கழிச்சு இப்ப என்ன சாமி என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.