மண்டபத்துச் சுவரில் கஸ்தூரியின் முகம்

மண்ணாங்கட்டிக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதையாவது எமன் சீந்தாமல் விடட்டும் என்று வைத்த பெயர் அது. எமன் ஏமாந்தான். மற்றவர்களும் சீந்தாமல் விட்டு அதே மரியாதையைத் தந்தார்கள். ஓவியருக்கு ஏற்ற பெயரல்ல என்பதில் அவருக்குக் குறையில்லை. தன் படங்களில் அவர் பெயர் போட்டதே இல்லை. சாமியின் காலடியில் தன் பெயரை எழுதக் கூச்சம்.

அவர் வரைந்ததெல்லாம் சுவர்ச்சாமிகள். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை எந்தச் சுவரோரம் ஆண்கள் ஒன்றுக்கு ஒதுங்குகிறார்களோ, அங்கே வரிசையாக முருகன், பிள்ளையார், மாதா, பிறையோடு ஒரு பள்ளிவாசல். சாமி இருக்கும் இடத்தில் யாருக்கும் மனம் வராது என்பது சுவர்க்காரர்களின் கணக்கு. படம் நன்றாக வந்திருக்கிறதா என்று அவரை எவரும் கேட்டதில்லை. சுவர் காய்ந்திருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

"கேலரில மாட்டுற படத்துக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான். நம்ம படத்துக்கு ஒருத்தன்தான். ஜிப்புல கைய வச்சிகினு பாக்குறான். கைய எடுத்தான்னா படம் பாஸு" என்பார்.

ராயப்பேட்டை வீட்டில் இதைக் கேட்க இரண்டு பேர். மனைவி கஸ்தூரி, ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. மகள் சாருலதா, இன்ஜினியர், கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவர் மட்டும் அவரைத் தோற்கடித்தது. சுவர் நீளத்துக்கும் சாமிகள். அப்படியும் ஈரம். எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த அக்பர் பாஷா காரணம் சொன்னார்.

"நைனா, அவன் புள்ளையாருக்கு ஒரு கும்பிடு போடுறான். மாதாவுக்கு ஒரு கும்பிடு போடுறான். நடுவுல கேப் கீது பாரு, அங்க போய் நின்னுக்கிறான். ரெண்டு பேருக்கும் மரியாத குடுத்துட்டுதான் போறான். தப்பு சொல்ல முடியாது."

மண்ணாங்கட்டி தன் பிள்ளையாரைப் போய்ப் பார்த்தார். பிள்ளையார் யாரையும் பார்க்கவில்லை. முப்பது வருடமாகத் தும்பிக்கையில் ஆரம்பித்து அதே பிள்ளையார். கை பாட்டுக்கு வரையும், மனம் டீக்கடையில் இருக்கும்.

"இது கை வரைஞ்ச படம் பாய். நான் இதுல இல்ல. நானே இல்லாத எடத்துல சாமி மட்டும் எங்கேந்து வரும்?"

"அப்ப அந்த கேப்புல நீ போய் நில்லு" என்றார் பாஷா.

மண்ணாங்கட்டி அங்கே கஸ்தூரியை நிறுத்தினார். பார்வையாளர் நேரம் முடிந்தால் அவள் வார்டு வாசலில் வந்து நிற்பாள். பேசமாட்டாள், பார்ப்பாள். நோயாளிகளின் மாமன்களும் மச்சான்களும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானதுதான்.

பிள்ளையாரை ஒரே காலையில் முடிப்பவருக்கு இந்த முகம் வரவில்லை. வீட்டில் சாப்பிடும்போது நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பார். மறுநாள் வந்து அழிப்பார். "தப்பு தப்பா வருது. அப்ப வேல நடக்குதுன்னு அர்த்தம்" என்று பாஷாவிடம் சந்தோஷமாகச் சொன்னார். முடித்ததும், முதல்முறையாக, அடியில் பெயர் எழுதினார்.

கஸ்தூரி வந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, என் மூக்கு இவ்ளோ பெருசாவா கீது?"

"கோவம் வந்தா விரியும்."

"எனக்கு எப்ப கோவம் வந்துச்சு?" என்று முறைத்தாள்.

அவர் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மூக்கு சரியாகவே இருந்தது.

சுவர் காய்ந்தது. பிறகு ஒருநாள் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்தார்கள். பூ வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, சூடம் வந்தது. அவர் பெயரின் மேல் மஞ்சளை அப்பினார்கள். ஆடியில் கூழ் ஊற்றினார்கள். கஸ்தூரியும் டியூட்டி முடிந்து வரும் வழியில் தன் முகத்துக்கு முன்னால் வரிசையில் நின்று ஒரு சொம்பு வாங்கி வந்தாள். கேழ்வரகு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது என்றாள். வாழ்நாளில் ஒரே ஒரு மனுஷியை வரைந்தார். அவளையும் சாமி வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

போன கார்த்திகையில் கஸ்தூரி இறந்துபோனாள். ஒரு காய்ச்சல். வீட்டில் மாட்ட நல்ல போட்டோ இல்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினார்கள். அதில் வேறு யாரோ இருந்தார்கள்.

தை பிறந்ததும் மண்டப மேனேஜர் அம்பி கூப்பிட்டனுப்பினார்.

"அம்பாள் ரொம்ப உக்ரமா இருக்காப்பா. பின்பக்கம் கார் நிறுத்த வர பொண்ணாத்துக்காரா பயந்துண்டு போறா. லேசா சிரிச்சாப்ல பண்ணிடு, போறும்."

"சார், அது வந்து..."

"முடியலேன்னா சொல்லு. வெள்ளையடிச்சுட்டு வேற ஆளை வெச்சு வரைஞ்சுக்கறேன்."

அது அம்மனில்லை, என் சம்சாரம் என்று சொல்லலாம். சொன்னால் அன்றைக்கே வெள்ளையடிப்பார்கள். அவர் சரியென்றார்.

"வாய மட்டும் மாத்துப்பா. கண்ணத் தொடாத" என்றாள் சாருலதா. "ஒரு நேரத்துல ஒண்ணதான் மாத்தணும். அப்பதான் எதனால என்ன ஆச்சுன்னு தெரியும்."

சுவர் முன் நின்றபோதுதான் தெரிந்தது, கஸ்தூரியின் சிரிப்பு அவருக்குத் தெரியாது. சிரிப்பு வந்தால் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளுடைய கோபத்தைத்தான் அவர் அத்தனை வருடம் படித்திருந்தார். கடைசியில் கைக்குத் தெரிந்த சிரிப்பு ஒன்றை, காலண்டர்ச் சிரிப்பை, கை பாட்டுக்கு வரைந்தது. அம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் பாஷா போன் செய்தார்.

"நைனா, சொன்னா வருத்தப்படுவ."

"ஈரமா?"

"மஞ்சத்தண்ணின்னு நெனச்சேன். இல்ல."

மண்ணாங்கட்டிக்கு வருத்தம் வரவில்லை. கஸ்தூரி போனபிறகு அன்றுதான், சாருலதாவிடம், அவர் குரல் உயர்ந்தது.

"இத்தினி நாளு சாமிக்கு பயந்துகினு போறான்னு நெனச்சேம்மா. சூடம் அப்டியே கீது, பூ அப்டியே கீது. அவ மொறைப்புக்குதான் போயிருக்கான். நீ ஒண்ண மட்டும் மாத்துன்ன. வாயதான் மாத்துனேன், கண்ணு செத்துப்போச்சு. படத்துல ஒண்ண மட்டும் மாத்த முடியாதும்மா."

சாருலதா மறுநாள் லீவு போட்டாள். பிளீச்சிங் பவுடரும் வாளியுமாகப் போய் இருவரும் சுவரைக் கழுவினார்கள். மஞ்சள் கரைந்து அவர் பெயர் வெளியே வந்தது. சிரிப்பைச் சுரண்டிவிட்டு அவர் வாயை மறுபடி போட்டார். தப்பாக வந்தது. அழித்தார். மறுபடி தப்பாக வந்தது. மதியம் ஏறிவிட்டது.

"சாப்பிடாம இன்னும் எவ்ளோ நேரம்பா?" என்றாள் சாருலதா.

அவர் திரும்பினார். அவள் வாளியோடு வெயிலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்டியே நில்லு" என்றார்.

வெயில் இறங்கும்போது அம்பி வந்தார். "என்னப்பா, மறுபடியும் மொறைக்கறா?"

"அம்மனுக்கு சிரிப்பு ஒத்துக்கல சார். இன்னும் கழுவாத அந்த மூலையில கொஞ்சம் மோந்து பாருங்க."

அம்பி குனிந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். சுவரைப் பார்த்தவர் செருப்பைக் கழற்றினார். "அவ இஷ்டம்" என்றார்.

அவர் போனதும் மண்ணாங்கட்டி படத்தின் முன் யாரோ வைத்திருந்த கிண்ணத்து மஞ்சளைக் குழைத்துத் தன் பெயரின் மேல் தானே பூசினார். அது சாமியாக இருக்கும்வரைதான் சுவரில் இருக்கும்.

அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒருவர் அவசரமாக வந்தார். பிள்ளையாரைக் கும்பிட்டார். மாதாவைக் கும்பிட்டார். நடுவில் வந்து நின்று நிமிர்ந்தார். மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.